யாருக்கு ஓட்டு என்று கேட்கப் போனேன்

முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று சாதி, சாமி, கட்சி மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிற பிழைப்பு கருத்துக்கணிப்பு. வெயிலில் கதவு தட்டிப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மிக்சி நின்றது

சங்கராபுரம் பக்கம் ஒரு தெரு. கூலி வேலை செய்யும் ஏழுமலை வாசலில் உட்கார்ந்து மதம், மொழி எல்லாம் கலகலப்பாகச் சொன்னார். "போன தேர்தல்ல யாருக்குங்க போட்டீங்க?" என்றேன்.

பக்கத்து வீட்டு மிக்சி நின்றது. எதிர்வீட்டு டி.வி. நின்றது. குழாயடியில் குடம் உரசும் சத்தம்கூட இல்லை. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஏழுமலை துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மிக்சி மறுபடி ஓடியது. அவர் குனிந்து சொன்னார்: "சத்தம் வந்துடுச்சி. இப்ப கேளுங்க."

மலையாளி

கல்வராயன் மலைக்காரர்களுக்கு மலையாளி என்று பேர், பேசுவது தமிழ். என் டேப்லெட்டுக்கு அது தெரியாது. சின்னப்பொண்ணு வீட்டில் இனத்தை அழுத்தியதும், தாய்மொழியைத் தானே மலையாளமாக்கிக்கொண்டு, அடுத்த கேள்வியை ஒரு பெண்குரலில் மலையாளத்தில் கேட்டது. அப்படியே திரை உறைந்துவிட்டது. அணைக்க அணைக்க, அந்தக் குரல் பதிலுக்குக் காத்திருப்பதும் மறுபடி கேட்பதுமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தம்மா எழுந்துபோய் உள்ளறையைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். திரும்பி வந்தவரிடம், "இது மலையாளம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பேர வெச்சிக்கினு பேசறாளே, யாரும்மா அவ?"

நேத்தே வந்தியே

மலையில் இன்னும் மேலே ஓர் ஊர். பச்சையம்மாள் என்பவர் என்னைக் கண்டதும், "நேத்தே வந்து கேட்டுட்டியே, இன்னாத்துக்கு மறுபடி?" என்றார். நேற்று நான் கள்ளக்குறிச்சியில் ஜுரத்தில் படுத்திருந்தேன். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். அந்த ஊருக்கு வேறு ஆளே அனுப்பவில்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, "ஆமா, இதே பொண்ணுதான்" என்றாள்.

எங்கள் வேலையில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நேற்று வந்தவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என் சாதி, என் குலதெய்வம் என்று பச்சையம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒன்றும் தப்பில்லை. கடைசியில் நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதையும் சொன்னார். அது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரிடம் வேறு கட்சியைச் சொல்லியிருக்கிறேன். அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பச்சையம்மாள் தண்ணீர் கொடுத்துத் தோளைத் தட்டினார்: "வூட்டுக்காரருகிட்ட சொல்லிடாதீங்கன்னு நேத்தே சொல்லிட்டுத்தான போன, பயப்படாத."

அறிக்கை வந்தபோது, இந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள் என்று போட்டிருந்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல.