அண்டாவோடு போய் நின்றேன்

போன வசந்தத்தில், ஜெர்மனியில் ரேகன்ஸ்புர்க் அருகே டான்யூப் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்தது இது. நான் அந்த நாட்டில்தான், கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். உடம்பெல்லாம் எலும்புத் தகடு பதித்த ஸ்டர்ஜன் மீன் என்றால் எனக்குப் பைத்தியம். ஒரு நாள் இணையத்தில் விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன்: வீட்டுக் குளத்து ஸ்டர்ஜன் இலவசம், யாரும் எடுக்காவிட்டால் ஆற்றில் விடப்படும்.

தூக்கிவாரிப் போட்டது. படத்தில் இருந்தது சைபீரிய இனம். டான்யூபில் அழிந்துகொண்டிருப்பதோ அதன் சின்ன உறவான ஸ்டெர்லெட். இரண்டும் கூடினால், மிஞ்சியிருக்கிற கொஞ்சமும் கலப்பினமாகிவிடும். ஆற்றோடு சேராத ஒரு மீன்பண்ணைக் குளத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டு, நண்பனின் காரில் பறந்தேன். மீனை எடுத்துவரக் கிடைத்த ஒரே பெரிய பாத்திரம், எங்கள் தமிழ் மாணவர்களின் பொங்கல் விழா பிரியாணி அண்டா.

கதவைத் திறந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தமிழோ?" என்று மலர்ந்த முகம், அண்டாவைக் கண்டதும் இறுகியது.

"உண்மையைச் சொல்லும் தம்பி. கறி வைக்கத்தானே வந்தனீர்?"

"ஐயோ அண்ணா, நான் சைவம்!"

"கிடாரத்தோட வந்து நிண்டுகொண்டு சைவமெண்டுறீர்!" என்று அண்டாவைக் காட்டினார்.

எனக்கும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. வாசலில் நின்ற வேனில், தண்ணீர் நிரப்பிய பீப்பாய் தயாராக இருந்தது. ஆற்றுக்கா என்று கேட்டேன்.

"ஓம். வீட்டை விக்கிறம். ஒரு சாண் குட்டியில இருந்து வளத்தது, சுதந்திரமாப் போகட்டும். அதில என்ன பிழை?"

கலப்பின விஷயத்தைச் சொன்னேன். மீனைக் கொண்டுபோக நல்ல கதை என்றார். பண்ணைக்காரரைப் போனில் பேசவைத்தேன். "உம்மட கூட்டாளியா இருக்கும்."

கடைசியில், "உம்மிட்டத் தர ஏலாது. நானே கொண்டு வாறன், நீர் முன்னால போம்" என்றார். முன்னால் போனால் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடுவாரே! மீனைப் பீப்பாய்க்கு மாற்றியதும், காரை அங்கேயே விட்டுவிட்டு வேனில் ஏறி, பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். மீன் வாலை அடித்து என்னைக் குளிப்பாட்டியது. பாலத்துக்கு முன்னால் வேன் மெதுவானது. பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்.

பண்ணைக் குளத்தில் விட்டதும் மீன் ஒரு சுற்றுச் சுற்றி, தன் இனத்துக் கூட்டத்தோடு ஆழத்துக்குப் போனது. அது மறைந்த பிறகும் அண்ணன் குந்தியபடியே இருந்தார். பிறகு பண்ணைக்காரரிடம் போய், இடைக்கிடை வந்து பார்க்கலாமா என்று ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்.

வேனில் ஏறும்போது சிரித்தார். "தம்பி, அந்தக் கிடாரத்தில எனக்கு இப்பவும் சந்தேகம்தான்."

இப்போதெல்லாம் யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபம் வருவதில்லை. இவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றுகிறது.