பக்கத்துத் தாளில் இல்லாத புள்ளி

ரப்பர் வாசனை வந்தால் போதும், எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலிலிருந்து இறங்கிய பேருந்தில் என்னருகே இருந்த பெண் நினைவுக்கு வந்துவிடுகிறாள். கலைந்த தலை, காதில் செருகிய பென்சில். மடியில் ஏதோ ஒரு புரதத்தின் அணு அமைப்பை அறிய எடுத்த முப்பரிமாண என்.எம்.ஆர். வரைபடம், அடுக்கடுக்கான தாள்களாக. கணினி 'பீக்', அதாவது அணுக்களின் தடம், என்று சொன்னதால் பென்சிலால் குறித்திருந்த புள்ளிகளைப் பக்கத்துத் தாளோடு ஒப்பிட்டு, பொய்யானவற்றை ரப்பரால் அழித்துக்கொண்டே வந்தாள்.

முன் இருக்கையிலிருந்து அவளுடைய பேராசிரியர் திரும்பினார். "அந்தப் பீக்கை அழிக்காதம்மா. அது இல்லாட்டி நம்ம கட்டுரையே நிக்காது."

"நெசமான பீக்னா பக்கத்துத் தாள்லயும் தடம் இருக்கணுங்க சார். இது வெறும் இரைச்சல், மெஷின் கெளப்புன பொய்ப்புள்ளி."

"கம்ப்யூட்டரை விடப் பெரிய ஆளா நீ? அழிச்சா கட்டுரையில ஒம் பேரு இருக்காது, பாத்துக்க."

வளைவுக்கு வளைவு பேருந்து சாய்ந்தது. அவள் கை சாயவில்லை. அழித்தாள்.

வத்தலக்குண்டில் இறங்கும்போது ரப்பரை அவரிடம் நீட்டினாள்.

"எம் பேரை நீங்களே அழிச்சிருங்க சார்."