‘கொலை’ என்று எழுதியதற்கு இரண்டு மார்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது இது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அங்கே ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகம் ஒன்று பாடத்தில் உண்டு. யாரோ சீரழித்துவிட்ட மகளை, குடும்ப மானம் போய்விட்டதென்று பெற்ற அப்பனே எல்லோர் முன்னாலும் கொன்றுவிடுவான். அந்தக் கேள்விக்கு வருடா வருடம் நான் சொல்லும் நோட்ஸ் ஒன்றுதான்: ‘பாசத்தாலும் மானத்தாலும் தந்தை எடுத்த துயர முடிவு.’ பிள்ளைகள் கடகடவென்று மனப்பாடம் செய்து எழுதுவார்கள். என் பாடத்தில் ஃபெயிலே கிடையாது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

அந்த வருடம் கல்லூரித் தேர்வில் ஒரு மாணவி, மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துப் பெண், நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதியிருந்தாள்: ‘இது பாசமும் இல்லை, துயரமும் இல்லை. கொலை. சாகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.’ எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்துக்கு இரண்டு போட்டேன். அதோடு விட்டேனா? வகுப்பில் எழுப்பி நிறுத்தி, “இஷ்டத்துக்கு எழுத இது என்ன வாட்ஸ்அப்பா? செமஸ்டர்ல இப்படி எழுதினா அரியர்தான்” என்று பையன்கள் முன்னாலேயே காய்ச்சினேன்.

அவள் அழவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

“அரியர் வந்தா வரட்டும் மேடம். எங்க அக்காவ அவ புருஷனே அடிச்சு மண்டைய ஒடச்சிட்டாரு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போய்த் தையல் போட்டோம். டாக்டர் கேட்டதுக்கு, பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு நாங்களே சொன்னோம். மானம் போயிடுமாம். அங்க சொன்ன பொய் போதும் மேடம். பரீட்சையிலயும் எழுத மாட்டேன்.”

இத்தனை வருடம் ஒரு கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கி, அதைப் பெண்பிள்ளைகள் கையாலேயே எழுதவைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அவள் பேப்பரை வாங்கி, அங்கேயே இரண்டை அடித்து ஒன்பது போட்டேன். “எல்லாரும் நோட்ஸ எடுங்க. அந்த வரிய அடிங்க” என்றேன்.

விஷயம் துறைத்தலைவருக்குப் போனது. “ஏம்மா இந்தப் பேஜாரு? பேப்பர் திருத்தறவங்க எதிர்பாக்கறத எழுதிட்டுப் போவட்டுமே. ரிசல்ட் கொறஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். நான் நிரந்தர ஆசிரியை இல்லை. அடுத்த வருடம் வேண்டாம் என்றால் அவ்வளவுதான். ஆனாலும், “சொல்றேங்க சார். அந்த நோட்ஸ மட்டும் இனிமே என் வாயால சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த செமஸ்டரில் ரிசல்ட் கொஞ்சம் இறங்கத்தான் இறங்கியது. அவள் பார்டரில் பாஸ். மார்க் ஷீட்டை என்னிடம் நீட்டி, “மாத்தி எழுதல மேடம்” என்று சிரித்தாள்.

வேலை தப்பியது. இன்றைக்கும் அந்தக் காட்சியை நடத்தும்போது ‘கொலை’ என்றுதான் போர்டில் பெரிதாக எழுதுகிறேன். எந்த அப்பனுக்கு, எந்தப் புருஷனுக்கு, எந்த அதிகாரிக்குக் கசந்தாலும் அதை அழிக்க மாட்டேன்.