வலைக்கோலும் நாவூறும்

நுனியில் வலை கட்டிய கோலோடு என் மகள் தாரணி படியிறங்கினால், கீழே பலாரோ சந்தையில் கடை வைத்திருக்கும் மீன்காரர் தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இண்டைக்கு என்ன மீன் பிடிச்சாய்?" அவள் சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் பந்தை எறிந்து வலையால் ஏந்துவாள். லாக்ரோஸ் என்ற விளையாட்டு. இந்தப் பலெர்மோ நகரில் நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் மகளோடு போய்ப் பழகியது. தாரணி ஆடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அமெரிக்கக் கல்லூரி ஒன்று புலமைப்பரிசில் கொடுத்து எடுக்க யோசித்தது.

புலமைப்பரிசில் என்றால் எனக்குத் தெரிந்தது ஊரில் ஐந்தாம் வகுப்பில் எழுதும் சோதனைதான். அதை எழுதுமுன்னரே சண்டையால் இடம்பெயர்ந்தோம். என் படிப்பும் அதோடு நின்றது. இதுவும் புள்ளி எடுக்கிற அலுவலோ என்று கேட்டேன்.

"இல்லையப்பா. கோச்சிட்டை ஒரு தொகை இருக்கும். அதை அணிக்குள்ளை பிரிச்சுக் குடுப்பா. முழுச் செலவும் கிடைக்கிறது அருமை. மிச்சத்துக்குப் படிப்பைக் காட்டித்தான் கேக்கவேணும். கையெழுத்து வைக்கும்வரைக்கும் எல்லாம் வாய்ச்சொல்லுதான்."

"கோயில் பொங்கல் மாதிரியோ?"

"ஓம். நல்லா ஓடுறவைக்கு அகப்பை நிறைய!"

ஒரு ஞாயிறு அந்தக் கல்லூரியின் கோச் வீடியோவில் வந்தார். பெண்பார்க்க வருகிறவர்களுக்கு வைப்பதுபோல, மனைவி சுடச்சுட வடையைப் போனுக்கு முன்னால் வைத்தாள். கோச் சிரித்தார். பிறகு, மகள் எப்படிப்பட்ட ஆட்டக்காரி என்று என்னிடம் கேட்டார். பெற்றவர் வாயால் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கண்ணேறுபோல நாவூறு படும் என்று வளர்ந்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "பெரிசா ஒண்டுமில்லை. ஏதோ ஓடித் திரியிறாள்."

தாரணி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். கோச்சின் சிரிப்பு நின்றது. மகள் கண் கலங்கி என் பக்கம் திரும்பினாள். "நான் போறது உங்களுக்கு விருப்பமில்லையோ அப்பா?"

உள்ளுக்குள் விருப்பமில்லைத்தான். நிமிர்ந்து போனைப் பார்த்தேன்.

"இதைச் சொல்லு பிள்ளை. மழை பெய்தாலும் சுவரடியிலைதான் நிப்பாள். முழங்கால் கிழிஞ்சாலும் கோலை விடமாட்டாள். இவளைப்போலை ஒருத்தியை நான் காணேல்லை."

அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். தனக்கும் ஒரு வடை எடுத்துவைக்கும்படி கோச் சொன்னார்.

விளையாட்டுக்குப் பாதிச் செலவு, படிப்புக்கு மீதி என்று ஒருவாறு பொருந்தியது. கையெழுத்தான அன்று மாலை மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மகளைச் சுற்றினாள், கோலையும் சுற்றினாள். அடுப்பில் போட்டதும், மேல்மாடிக் கிழவி இருமிக்கொண்டு கத்தப்போகிறாள் என்று காத்திருந்தோம். மிளகாய் கருகியது. நெடி வரவில்லை.

"பொல்லாத நாவூறு. ஆருடைய கண்ணோ தெரியேல்லை," என்றாள் மனைவி.

நான் கிழக்கு யன்னலடிக்குப் போனேன். இத்தனை காலமும் ஊர் இருக்கும் திசை என்று அங்கேதான் நிற்பேன். தாரணி போகப்போவது மற்றத் திசைக்கு, மேற்கே. அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் யன்னல் இல்லை; அவள் பந்தடித்த சுவர்தான் இருக்கிறது.