மூன்றாவது பம்ப்

அணு உலைக்கு வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'மூணாவது பம்ப்'. உலையைக் குளிர்விக்க இரண்டு பம்ப் போதும் என்று யார் சொன்னாலும், அவசரத்துக்கு இன்னொன்று வரையாமல் விடமாட்டார். வீட்டிலும் கேஸை மூடிவிட்டு மூன்று முறை பார்ப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். "இருபது வருஷமா எந்த உலையிலயும் அந்த மூணாவது பம்ப் ஒரு நாள்கூட ஓடல. சும்மா இடத்தை அடைக்குது. எடுத்துடுங்க."

"ஓடாம இருக்கிற வரைக்கும் நல்லதுதானே சார்?"

"மேலிடத்துல முடிவாயிடுச்சு. நீங்களே அழிச்சு, கையெழுத்தும் போட்டுடுங்க."

அவர் ரப்பரை எடுத்தார். மூன்றாவது பம்பை அழித்தார். பொறியாளரின் மேசையிலேயே தாளை வைத்து, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்திட்டு நிமிர்ந்தார். பொறியாளரின் அறைச் சுவரில் இரண்டு ஏசி. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது பழுதானால் இருக்கட்டும் என்று மாட்டிய இன்னொன்று, ஒரு நாள்கூட ஓடியதில்லை.