மாமா பார்த்த சண்டை

மாமா மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டதை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கவனித்தேன். கவனிப்பதற்காகவே அங்கே உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், நான் வரலாறு நடத்தும் பள்ளியில் அன்று குடியரசு தின விழா. என் அத்தையின் கணவரான அவரைக் கொடியேற்ற அழைத்திருந்தார்கள். ஊருக்கு அவர் மிலிட்டரிக்காரர். எல்லையில் சண்டை போட்டுத் திரும்பியவர்.

எனக்கு அதில் வெகுநாளாகச் சந்தேகம். அவர் சொல்லும் சண்டை ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை பனிமலையில் விடியற்காலை நடந்தது, மறுமுறை நட்ட நடுமதியத்துக்கு நகர்ந்துவிடும். குண்டு பாய்வதைச் சொல்லும்போது சினிமாவில் பார்த்ததைச் சொல்வதுபோலவே இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்பது மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. என் தம்பி கல்யாணத்தன்று சமையல்காரர் வராமல் போனபோது, மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாக்களுக்கு நடுவே இறங்கினார். சாம்பாரை வாயில் வைக்காமல், ஆவியை முகர்ந்தே உப்புக் குறைகிறது என்றார். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அதனால் விழாவில் கேட்க வேண்டிய கேள்வியை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் எழுதிக் கொடுத்தது நான்தான். அவள் எழுந்து, "ஐயா, பட்டாளத்துல உங்க வேலை என்னங்க?" என்று கேட்டாள். மாமா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சமையலுங்க," என்றார். "ஒருத்தன் முன்னால நின்னு சுடணும்னா பின்னால வண்டி ஓட்டறவன், ரோடு போடறவன், ஒயர் இழுக்கறவன், சோறாக்கறவன்னு நெறயப் பேரு வேணும். அந்த நெறயப் பேருல நானும் ஒருத்தன். எதிரி மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க."

யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக மிட்டாய் கொடுக்கச் சொன்னார். எங்கள் பாடப் புத்தகத்தில் போர் என்றால் மன்னரும் வெற்றியும்தான். படைக்குச் சோறாக்கியது யார் என்று நான் ஒருநாளும் நடத்தியதில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஏன் மாமா இத்தினி வருசமா பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மொத லீவுல வந்தப்பவே எத்தினி பேரச் சுட்டேன்னு கேட்டாங்க, கண்ணு. சோறாக்குனேன்னு நெசத்தத்தான் சொன்னேன். உங்கப்பாதான் மொதல்ல சிரிச்சாரு."

அதன்பிறகு எந்த விழாவுக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அத்தை என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

போன வருடம் மாமா இறந்தார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பியபோது, பொம்மிடியிலிருந்து வந்த ஒருவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். மாமாவோடு பட்டாளத்தில் இருந்தவராம். சாவு வீடு என்றும் பாராமல் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா அங்க சமையல் மட்டுந்தானுங்களே?"

"ஆமாங்க. நாங்க மலை மேல பதுங்கு குழியில இருந்தோம். ரெண்டு நாளா சோறு வரல. வர்ற வழி பூரா குண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. மூணாவது நாளு முதுகுல டின்னக் கட்டிக்கிட்டு இவருதான் தவழ்ந்து வந்தாரு. கூடக் கெளம்புனவங்க வந்து சேரல."

இதை மாமா ஏன் யாரிடமும் சொல்லவில்லை? இறந்தவரைப் பற்றி அவர் வீட்டிலேயே உட்கார்ந்து யார்தான் குறைத்துச் சொல்வார்கள்? எந்த மலை, எந்த மாதம் என்று கேட்க வாயெடுத்தேன்.

"நீ ஒண்ணும் கேக்காத," என்றது பின்னால் ஒரு குரல். அத்தை. இத்தனை வருடம் கழித்து அவள் என்னிடம் பேசியது அதுதான். "அவரு சொல்லட்டும்."

வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நம்பினேனா என்பது இன்றுவரை எனக்கே தெரியவில்லை.