கால்வாசி ஆள்

எங்கள் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் செல்போன் டவரில் ஏறுகிறவள். காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் போனை நீட்டி, ரெண்டு கோடுதான் காட்டுது, என்னான்னு பாரு என்பார். இதுவரை ஒரு டவரின் ஏணியில்கூட நான் கால் வைத்ததில்லை. வேலைக்காகக் குடிவந்த கீரனூரில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து, திருச்சியில் ஏசி அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் முழங்கை இடி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவள். எனக்கு டவர் என்பது திரையில் ஓர் எண்.

என் வேலை இதுதான். டவர்களில் சிக்னல் அனுப்பும் ரேடியோக்களை எல்லாம் ஒரு மென்பொருள் மேய்க்கிறது. கன்ட்ரோலர் என்போம். ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனித்தனியாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் பொதுவாக ஒரு விதியை எழுதிக் கொடுத்துவிடுவோம். கூட்டம் நெரிந்தால் பக்கத்து ரேடியோவுக்குத் தள்ளிவிடு, ஆளில்லாவிட்டால் தூங்கி கரண்டை மிச்சம் பிடி, இந்த மாதிரி. அந்த விதியைப் பாலிசி என்று சொல்வோம். அதை எழுதுவது, அமலில் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு பாலிசிகள் முட்டிக்கொண்டால் விலக்கிவிடுவது, காலாவதியானதைத் தூக்குவது. பிழைப்பு இதில்தான் ஓடுகிறது.

போன வருஷம் ஒரு பாலிசி எழுதினேன். பகல் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை, சராசரியாக ஓர் ஆள்கூட இல்லாத கிராமப்புற ரேடியோக்கள் தூங்கட்டும். அவ்வளவுதான். பட்டியலை வடிகட்டினேன், எண்கள் வந்தன, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அமலாக்கினேன். வரைபடத்தைத் திறந்து எது எந்த ஊர் என்று பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எண்தான் எல்லாவற்றையும் சொல்கிறதே என்ற திமிர். மீட்டிங்கில் பாராட்டினார்கள். நானும் தலைகால் புரியாமல் நடந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். அவளை மீமிசலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சான் பைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறவர். விடியக் கிளம்பினால் பத்து, பத்தரைக்கு வலையை எடுத்து முடித்து, கடலில் இருந்தே அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். என்ன கிடைத்தது, எப்போது கரைக்கு வருவார், அவ்வளவுதான். கொஞ்ச நாளாக அந்தப் போன் வருவதில்லை, என்னடி கோளாறு என்று அக்கா கேட்டாள். போனை ஒருதரம் அணைத்துப் போடச் சொல்லு என்றேன். மறுவாரமும் கூப்பிட்டாள். உப்புக்காற்றில் சிம் கெட்டிருக்கும், மாற்றச் சொல்லு என்றேன். மாற்றினார்கள். மூன்றாவது வாரமும் கூப்பிட்டாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எரிச்சலில், அந்த ஓட்டைப் போனைத் தூக்கிக் கடலிலேயே போடச் சொல்லு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மறுபடியும் அவள் பெயர் திரையில் வந்தது. எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எடுத்தேன்.

"அவரு இன்னும் வரலடி" என்றாள்.

பதினொன்றரைக்குக் கரையேறுகிறவர். கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகப் போயிருக்கிறார். மற்றப் படகெல்லாம் வந்துவிட்டன. காலையில் தெற்கே தள்ளி வலை போட்டுக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார், அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. இரண்டு படகு தேடப் போயிருக்கிறது. ஆனால் மேற்கேயிருந்து மேல்காற்று ஓங்கி அடிக்கிறது. எங்கள் பக்கம் கடல் கிழக்கே. மேல்காற்றில் இன்ஜின் நின்ற படகு கரையைப் பார்த்து வராது, எல்லைக் கோட்டைப் பார்த்துத்தான் போகும்.

"எங்கிட்டுன்னு தேடுவாங்க? ஒரு வார்த்தை இன்ன எடத்துல இருக்கேன்னு சொன்னா போதுமேடி" என்றாள்.

அப்போதுதான் வரைபடத்தைத் திறந்தேன். மீமிசல் டவரில் மூன்று ரேடியோக்கள். இரண்டு ஊரையும் ரோட்டையும் பார்த்து நிற்கின்றன. ஒன்று கடலைப் பார்த்து. அந்த ஒன்றின் பக்கத்தில் 'உறக்கம்' என்று போட்டிருந்தது. எந்தப் பாலிசியின் கீழ் என்று தட்டிப் பார்த்தேன். என் பாலிசி. என் பெயர்.

பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த ரேடியோவில், காலை பத்து மணிக்குமேல், சராசரி கால்வாசி ஆள். கால்வாசி ஆள் என்று உலகத்தில் யாராவது உண்டா? கடலுக்குப் போகிறவர்கள் போனை அணைத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். வலையை எடுத்த பிறகுதான் வெளியே எடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி அணைப்பார்கள். அந்த நாலு வார்த்தையை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிச் சராசரி போட்டால் மனுஷன் கால்வாசியாகத்தான் தேறுவான். இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். கடற்கரையில் பிறந்துவிட்டு இதை நான் யோசிக்கவில்லை. ஊருக்குள் ஒரு ரேடியோ தூங்கினால் பக்கத்து ரேடியோ தாங்கிக்கொள்ளும். கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ரேடியோ இருக்கிறது?

நாலு மணிக்கு அது தானாகவே விழித்துக்கொள்ளும். ஆனால் இந்தக் காற்றில் அதற்குள் படகு சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

பகலில் பாலிசியில் கை வைப்பதென்றால் எங்கள் டீம் லீடர் ஒப்புதல் வேண்டும். அவர் மீட்டிங்கில் இருந்தார். கதவைத் திறந்துகொண்டு போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் பழக்கதோஷம், அந்த ரேடியோவில் இப்போது எத்தனை பேர் என்று கேட்டார். பூஜ்யம் என்றேன். பூஜ்யம் என்றால் எதற்கு எழுப்ப வேண்டும் என்றார். நான் எழுதிய பாலிசியே எனக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"தூங்கிக்கிட்டு இருக்குறது எப்படி சார் எண்ணும்?" என்று கத்திவிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் என் இடத்துக்கு ஓடினேன்.

அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரேடியோ விழிக்கவில்லை. ஏற்கெனவே போட்ட உறக்கத்தை நாலு மணிவரை விடமாட்டேன் என்று பிடிவாதம். பாலிசியையே நிறுத்தினால்தான் ஆகும், அப்படிச் செய்தால் பட்டியலில் இருக்கிற அத்தனை ஊரும் சேர்ந்து எழும். எழட்டும் என்று நிறுத்தினேன். டீம் லீடர் எப்போது என் பின்னால் வந்து நின்றார் என்று தெரியாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

உறக்கம் போய், தயாராகிறது என்று வந்தது. பிறகு இயங்குகிறது என்று வந்தது. ஆள் கணக்கு பூஜ்யம். ஒரு நிமிஷம் கழித்தும் பூஜ்யம். மச்சான் போனை அணைத்திருந்தால்? சார்ஜ் தீர்ந்திருந்தால்? நான் சொன்னபடி கடலில் போட்டிருந்தால்? இப்படியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் ஒன்று என்று காட்டியது. அதற்கடுத்து மூன்று. அதில் இரண்டு தேடப்போன படகுகளாக இருக்கலாம். எது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? திரையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன். அவள் அழுததில் பாதி புரியவில்லை. மச்சான் பேசிவிட்டார். பத்தே முக்காலுக்கே இன்ஜின் நின்றுவிட்டது, நங்கூரம் போட்டும் இழுத்துக்கொண்டு போகிறது, இன்ன இடம் என்று சொல்லிவிட்டார். தேடப்போனவர்களுக்கும் போன் கிடைத்தது, படகை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஐந்து மணிக்குக் கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள்.

கடலைப் பார்த்த எந்த ரேடியோவையும் சராசரி பார்த்துத் தூங்க வைக்கக் கூடாது என்று மறுநாளே பாலிசியைத் திருத்தினோம். ஒப்புதல் இல்லாமல் கைவைத்ததற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் உண்மையாக யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லாமல் மூன்று நாள் ஓட்டினேன். அக்கா வேறு, நீதான் காப்பாத்துன என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அது எனக்கு முள்ளாகக் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி மீமிசல் போனேன். அக்கா நண்டுக்குழம்பு வைத்திருந்தாள். மச்சான் எதிரே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் நங்கூரக் கயிறு அறுத்த காயம். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னேன், உங்கள் டவரை அணைத்தது நான்தான் மச்சான் என்று. சராசரி, கால்வாசி, பத்திலிருந்து நாலு, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

மச்சான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க அங்கிட்டு இருக்கோமா இல்லையான்னு அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட கேட்ட, சரி" என்றார். "மூணு வாரமா ஒங்க அக்கா ஒனக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கிட்டுத்தானே ஆத்தா இருந்தா. அவ சொன்னது எந்தக் கணக்குலயும் வரலியா?"

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.